ஹெகலும் ஹைடெக்கரும் தெரிதாவும் ஏன் அப்படி எழுதினார்கள்? அது குறையா, குணமா?

கேள்வி இது: "ஹெகல், ஹைடெக்கர், தெரிதா போன்ற ஐரோப்பியக் கண்டத் தத்துவவாதிகளை எத்தனை முறை படித்தாலும் புரிவதில்லை. எளிமையாகச் சொல்ல முடியாதவருக்கு விஷயமே புரியவில்லை என்பார்கள். அப்படியானால் இவர்களின் எழுத்து குறைபட்ட எழுத்துதானே? அந்தக் கடினத்தையே சிறப்பாகப் பேசுகிறவர்கள் எந்த அடிப்படையில் பேசுகிறார்கள்?"

முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்து கடினமாக இருக்கிறதா என்பதை வைத்து நான் அதை எடைபோடுவதில்லை. முட்டி மோதிப் படித்து முடித்த வாசகர் "இல்லை, நீங்கள் சொல்வது தவறு" என்று திருப்பிச் சொல்ல அந்த எழுத்து இடம் கொடுக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இடம் கொடுத்தால் எத்தனை மாதம் ஆனாலும் அதோடு மல்லுக்கட்டலாம். கொடுக்காவிட்டால் அது குறை. சில சமயம் குறை என்ற சொல்லே போதாது. இப்படிப் பார்த்தால் இந்த மரபு முழுவதற்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரே ஆளின் இரண்டு புத்தகங்களுக்கு இரண்டு தீர்ப்பு வரும்.

இன்னொன்று. 'கண்டத் தத்துவம்' என்பது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் உலகம் கடலுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு வைத்த பெயர். அந்தப் பெயருக்குள் ஷோப்பன்ஹவர் இருக்கிறார். அவருடைய ஜெர்மன் உரைநடை தெளிவுக்குப் பேர்போனது. பெர்க்சன் இருக்கிறார், 1927க்கான இலக்கிய நோபல் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. மறுபக்கம் விட்கன்ஸ்டைன், சொல்லக்கூடியது எதையும் தெளிவாகச் சொல்ல முடியும் என்று முன்னுரையில் எழுதிவிட்டு, தத்துவத்திலேயே மிகக் கடினமான புத்தகங்களில் ஒன்றை 1921இல் வெளியிட்டார். அதனால் இது ஊர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

கதை காண்ட்டிடம் தொடங்குகிறது. 'தூய அறிவின் விமர்சனம்' 1781இல் வந்தது. பன்னிரண்டு வருடம் யோசித்ததை நாலைந்து மாதத்தில் அவசரமாக எழுதி முடித்ததாகவும், படிப்பவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம் வைக்கவில்லை என்றும் 1783இல் மோசஸ் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். நரம்பின் சத்தையே உறிஞ்சிவிடும் புத்தகம் என்று அதைச் சொன்னவர் மெண்டல்சோன். 1782 ஜனவரியில் கோட்டிங்கனிலிருந்து வந்த மதிப்புரை, காண்ட் சொல்வதும், மனமும் அதன் எண்ணங்களும்தான் உண்டு என்று பெர்க்லி சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற தொனியில் எழுதிவிட்டது. காண்ட்டுக்குக் கடும் கோபம். அந்தக் கோபத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1783இல் 'புரோலெகோமெனா' என்ற சிறிய விளக்க நூலை எழுதினார். 1787இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, புத்தகத்தின் இதயம் போன்ற பகுதியை அடியோடு மாற்றி எழுதினார். புரியவில்லை என்ற புகாரை அவர் தன் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிசெய்ய வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

முதல் பதிப்பின் முன்னுரையில் அவர் சொல்லும் ஒரு விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. இவ்வளவு தெளிவாக்க முயலாமல் இருந்திருந்தால் சில புத்தகங்கள் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்கிறார். பக்கத்துக்குப் பக்கம் உதாரணம் சொல்லிக்கொண்டே போனால் அந்தந்தப் பக்கம் விளங்கும். மொத்தக் கட்டடம் கண்ணில் படாமல் போகும். இது உண்மை. கடினமாக எழுதியதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் நான் தயங்காமல் ஏற்கும் முதல் நியாயம் இதுதான்.

அடுத்தது ஹெகல். இவரைப் பற்றிய புகாரில் ஒரு பங்கு மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டியது. லூதர் பைபிளையும் வோஸ் ஹோமரையும் ஜெர்மனில் பேசவைத்ததுபோலத் தத்துவத்தை ஜெர்மனில் பேசவைக்க முயல்கிறேன் என்று 1805இல் வோஸுக்கே எழுதியவர் ஹெகல். அவருடைய தத்துவத்தின் மையச் சொல் 'ஆஃப்ஹேபன்'. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு லத்தீன் சொல்லைப் போட்டார்கள். அந்தச் சொல்லை எந்த ஆங்கிலேயரும் வீட்டில் பேசியதில்லை. அதைப் பார்த்ததும் ஏதோ இரசாயனப் பெயர்போல மலைப்பு வருகிறது. ஜெர்மனில் அது வெகு சாதாரணச் சொல். கீழே விழுந்ததைத் தூக்குவதற்கும் அதுதான், ஒரு சட்டத்தை நீக்குவதற்கும் அதுதான், ஒன்றைப் பிறகு வேண்டும் என்று பத்திரப்படுத்துவதற்கும் அதுதான்.

தமிழில் நம்மிடம் 'எடு' இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் "இலையை எடு" என்கிறோம். அகற்று என்று பொருள். "மிச்சக் குழம்பை எடுத்து வை" என்கிறோம், பத்திரப்படுத்து. "அழுகிற குழந்தையை எடு" என்கிறோம், தூக்கு. ஹெகல் சொல்ல வந்தது இந்த மூன்றும் ஒரே அசைவில் நடப்பதைத்தான். ஒரு கருத்து தன் குறையால் உடைந்து அடுத்த கருத்தாக மாறும்போது பழையது விலக்கப்படுகிறது, புதியதற்குள் பாதுகாக்கவும் படுகிறது, ஒரு படி மேலேயும் போகிறது. ஒன்றுக்கொன்று எதிரான பொருள்களை ஒரே சொல் தாங்குவது சிந்திப்பவருக்கு மகிழ்ச்சி தரும் விஷயம் என்று 'தர்க்க அறிவியல்' நூலில் அவரே குறிப்பிடுகிறார். முதன்முதலில் இதை ஆங்கிலத்தில் படித்தபோது நான் வாரக்கணக்கில் தடுமாறினேன். 'எடு' என்று மனதில் போட்டுப் பார்த்த அன்று அந்தத் தடுமாற்றம் போய்விட்டது.

இதனால் ஹெகலின் கடினம் முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டிவிட முடியாது. ஜெர்மானியருக்கும் அவர் கடினம்தான். 1807இல் வந்த 'ஆன்மாவின் தோற்றவியல்' முன்னுரையிலேயே, தத்துவ நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் புரிகிறது என்ற புகாரை அவர் எடுத்துப் பேசுகிறார். ஒரு வாக்கியத்தில் எழுவாயை நிலையான ஒரு முளைக்குச்சியாகவும், பயனிலையை அதில் கட்டும் கயிறாகவும் நாம் எண்ணிக்கொள்கிறோம். தன் வாக்கியங்களில் பயனிலையைப் படித்ததும் எழுவாயைப் பற்றி நினைத்ததே மாறிவிடுகிறது, அதனால் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். சில இடங்களில் இது அப்படியே நடக்கிறது. பல இடங்களில், குறிப்பாகப் புத்தகத்தின் நடுப்பகுதியில், இந்த விளக்கத்தால் காப்பாற்ற முடியாத அளவுக்கு அவர் வெறுமனே அலட்சியமாக எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஹைடெக்கரிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் அவர் ஒருவரிடமே இருக்கின்றன.

'இருப்பும் காலமும்' 1927இல் வந்தது. அதன் பதினைந்தாம் பிரிவில் ஒரு சுத்தியல் வருகிறது. சுத்தியலை வெறித்துப் பார்ப்பதைவிட, கையில் பிடித்து அடிக்கும்போதுதான் அதோடு நமக்கு உண்மையான உறவு ஏற்படுகிறது என்கிறார். நான் இதை விளக்கும்போதெல்லாம் அரிவாள்மனையைத்தான் சொல்வேன். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறார். அவர் கண்ணில் அரிவாள்மனை படுவதே இல்லை. வெண்டைக்காய் படுகிறது, உலையில் கொதிக்கும் அரிசி படுகிறது, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை படுகிறது. பலகை ஆட்டம் கண்டாலோ அலகு மழுங்கிவிட்டாலோதான் இரும்பும் மரமுமாக ஒரு பொருள் எழுந்து கண் முன்னால் நிற்கிறது. முதல் நிலைக்கு ஹைடெக்கர் வைத்த பெயர் ஆங்கிலத்துக்குப் போனபோது மூன்று சொற்களை ஒட்டுப்போட்ட ஒரு கூட்டுச்சொல்லாக ஆகிவிட்டது. தமிழில் 'கைக்கு வாகாக இருத்தல்' என்றால் முடிந்தது. இரண்டாவதை 'கண்ணெதிரே கிடத்தல்' எனலாம்.

இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியும் என்றால் அவர் ஏன் புதுச்சொற்களை உருவாக்கித் தொல்லை கொடுத்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'பயன்படுத்தப்படும் பொருள்' என்ற தொடரைப் பாருங்கள். அதில் முதலில் ஒரு பொருள் இருக்கிறது, பயன் பிறகு வந்து சேர்கிறது. நீளம், எடை, நிறம் உள்ள ஒன்று முன்னால். அதன் உபயோகம் அப்புறம். இந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் ஹைடெக்கரின் வாதம். பழைய சொல்லை வைத்து அவர் இதை எழுதியிருந்தால் வாசகர் தலையாட்டிவிட்டுப் பழைய படத்தையே மனதில் வைத்துக்கொண்டு போயிருப்பார். இந்த வேலைக்குச் சொற்கள் மட்டும் குறைவு என்றில்லை, முதலில் இலக்கணமே இல்லை என்று ஏழாம் பிரிவின் முடிவில் அவர் எழுதுகிறார். இதை நான் நம்புகிறேன். என் அரிவாள்மனை விளக்கம் எளிதாக இருப்பதற்குக் காரணம் அவர் ஏற்கெனவே காட்டைத் திருத்திப் பாதை போட்டுவைத்ததுதான்.

அப்புறம், இந்தக் கடினத்திலிருந்து மறுத்துப் பேசக்கூடிய ஒன்று கிடைத்தது. ஹூபர்ட் ட்ரைஃபஸ் அதை எடுத்துக்கொண்டு, உலகத்தை விதிகளாகவும் தகவல் துண்டுகளாகவும் பிரித்துக் கணினியில் போட்டால் அறிவு வந்துவிடும் என்ற அன்றைய செயற்கை நுண்ணறிவுக்காரர்களோடு மோதினார். 1972இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு, அவரால் மனம் மாறியவர்களும் உண்டு. ஒரு கருத்து சண்டைக்கு வந்து நிற்கிறது என்றால் அதற்கு உருவம் இருக்கிறது என்று அர்த்தம்.

அதே ஹைடெக்கர் 1936க்கும் 1938க்கும் இடையில் எழுதி, அவர் இறந்த பிறகு 1989இல் வெளியான குறிப்புகளில், தன்னைப் புரியவைத்துக்கொள்வது தத்துவத்தின் தற்கொலை என்று எழுதுகிறார். இங்கே நான் அவரோடு முழுவதுமாகப் பிரிகிறேன். புதிய எண்ணத்துக்குப் பழைய சொல் போதவில்லை என்பது வேறு. புரிந்துவிட்டால் போச்சு என்பது வேறு. இரண்டாவது கொள்கையை ஏற்றுக்கொண்ட ஒருவரிடம் யாரும் எதையும் மறுக்க முடியாது. உங்களுக்குப் புரியவில்லை என்பதே அவருக்கு வெற்றி.

இது வெறும் நடை சம்பந்தப்பட்ட குறை என்று விட்டுவிட முடியாமல் செய்வது அவருடைய அரசியல். 'இருப்பும் காலமும்' நூலில் 'உறுதிகொள்ளல்' என்று ஒரு கருத்து வருகிறது. மனிதன் ஊரோடு ஒத்து ஓடுவதை விட்டுத் தன் இருப்பைத் தானே ஏற்று உறுதிகொள்ள வேண்டும். எதற்காக உறுதி, எந்தப் பக்கம் உறுதி என்று அந்தப் புத்தகம் சொல்லாது. சொல்லாமல் இருப்பதுதான் ஆழம் என்பதுபோல எழுதப்பட்டிருக்கும். "நான் உறுதிகொண்டுவிட்டேன், எதற்கு என்றுதான் தெரியவில்லை" என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உலவியதாக அவருடைய மாணவர் கார்ல் லோவித் பதிவுசெய்திருக்கிறார். 1933 மே மாதம் அந்த வெற்றிடத்தில் நாஜிக் கட்சி வந்து உட்கார்ந்தது. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக, அதாவது தலைவராக, ஹைடெக்கர் ஆற்றிய உரையில் அதே பழைய கலைச்சொற்கள், இப்போது 'மக்களின் விதி'யோடு சேர்ந்து ஒலித்தன. தெளிவாக எழுதியிருந்தால் அவர் நாஜி ஆகியிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. தெளிவாக எழுதிய நாஜிகளும் இருந்தார்கள். ஆனால் 1927இலேயே அவரைப் பிடித்து நிறுத்தி "எதற்கு உறுதி?" என்று கேட்கும் வாய்ப்பை அந்த எழுத்து வாசகரிடமிருந்து பறித்துவிட்டது. தெளிவின்மை குறை என்று நான் சொல்லும்போது மனதில் இருப்பது இந்த இடம்தான்.

1929இல் ஃப்ரைபுர்கில் அவர் ஆற்றிய தொடக்க உரையில் 'இன்மையே இன்மையாக்குகிறது' என்று ஒரு வரி வருகிறது. தர்க்கத் தத்துவவாதி ருடால்ஃப் கார்னப் 1930களின் தொடக்கத்தில் இதை எடுத்து உரித்தார். "வெளியே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை" என்று சொல்வதில் தவறில்லை, அந்த 'ஒன்றும் இல்லை'யைப் பெயர்ச்சொல்லாக்கி அதற்கு ஒரு வினையையும் கொடுத்தால் அது அர்த்தம் இல்லாத வரி என்றார். தர்க்கப்படி கார்னப் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் ஹைடெக்கர் தொட வந்த ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் சார்த்தர். 1943இல் வந்த அவருடைய 'இருப்பும் இன்மையும்' நூலில், பியர் என்ற நண்பரைத் தேடி ஒரு காபிக் கடைக்குப் போகிறார். பியர் இல்லை. கடையின் மேசைகள், முகங்கள், புகை எல்லாம் பின்னால் நகர்ந்து, பியர் இல்லாதது மட்டும் கடை முழுக்க நிற்கிறது. அந்தக் கடையில் இல்லாதவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பியர் இல்லாததுபோல அவர்கள் யாரும் அங்கே 'இல்லாமல்' இல்லை. சாவு நடந்த வீட்டில் ஒரு வாரம் இருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். கார்னப்புக்குச் சரியான பதில் இந்தக் காபிக் கடைதான். இதை ஹைடெக்கரே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இப்போது, கடினத்தை ஒரு குணம் என்றே வாதிட்டவர்களிடம் வருகிறேன். அவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோ. ஒருவர் எவ்வளவு துல்லியமாக, மனசாட்சியோடு எழுதுகிறாரோ அவ்வளவுக்குப் புரியவில்லை என்ற பெயர் வருகிறது. மேலோட்டமாக, ஏற்கெனவே புழங்கும் தொடர்களில் எழுதினால் உடனே புரிந்துவிட்டதாக எல்லோரும் ஏற்கிறார்கள் என்று 1951இல் வந்த 'மினிமா மொராலியா'வில் சொல்கிறார். புரிந்துகொள்ளவே தேவையில்லாததைத்தான் மக்கள் புரிகிறது என்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நாளிதழ்த் தலையங்கம் படிக்கும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும். 'வளர்ச்சி', 'பாதுகாப்பு', 'மரபு' என்று வழவழப்பாக ஓடும் பத்தியில் நாம் எங்கும் தடுக்கி விழுவதில்லை. படித்து முடித்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் எளிமை மட்டுமே நேர்மைக்கு அத்தாட்சி ஆகிவிடாது.

இதற்கு மறுபக்கம், எளிய நடைக்காக வாதாடிய தத்துவவாதி பாப்பர். 1971இல் 'டீ ட்சைட்' வார இதழில் வந்த அவருடைய கடிதம் ஒன்றில் ஒரு பக்கம் அடோர்னோவின் வரிகள் (ஹேபர்மாஸ் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியவை), எதிர்ப்பக்கம் பாப்பரின் எளிய ஜெர்மன். முதல் வரி ஏறக்குறைய இப்படி: "சமூக முழுமை, தான் ஒன்றிணைப்பவற்றுக்கு மேலே தனக்கென்று ஒரு வாழ்வு வாழ்வதில்லை, அவற்றால்தான் அதுவே ஆகியிருக்கிறது." எதிரே பாப்பர் எழுதியது: "சமூகம் சமூக உறவுகளால் ஆனது." அடுத்தடுத்த வரிகளும் இதே கதிதான். பெரிய சொற்களை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று காட்டினார்.

இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் மாணவர்களோடு பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பாப்பர் கழித்த எடையில் பாதி உண்மையிலேயே தேவையில்லாத எடை. ஆனால் ஒரு சொல் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது: 'மேலே'. சமூகம் என்பது மனிதர்களின் தலைக்கு மேல் மிதக்கும் ஒரு பேயுரு, அது தனியாக ஆசைப்படுகிறது, தனியாக முடிவெடுக்கிறது என்று நினைப்பவரை அடோர்னோவின் வரி மறுக்கிறது. பாப்பரின் வரி யாரையும் மறுக்கவில்லை. ஒரு மறுப்பைத் தகவலாக மாற்றிவிட்டார். அதனால் என் வழக்கம் இது: கடினமான வரியை எளிய தமிழில் திருப்பி எழுதிப் பார்ப்பேன், பிறகு என்ன தொலைந்தது என்று தேடுவேன். ஒன்றும் தொலையவில்லை என்றால் அந்தக் கடினம் வீண். ஏதாவது தொலைந்திருந்தால், அந்தத் தொலைந்த துண்டுக்காகத்தான் அவர் அப்படி எழுதினார். அடோர்னோவிடம் பத்து வரியில் ஆறேழு வரிகள் இப்படித் தேறுகின்றன என்பது என் அனுபவம்.

அடோர்னோவின் வாதம் நாற்பத்தெட்டு வருடம் கழித்து அமெரிக்காவில் திரும்ப வந்தது. 'தத்துவமும் இலக்கியமும்' என்ற ஆய்விதழ் நடத்திய மோசமான எழுத்துக்கான போட்டியில் 1998இல் முதல் பரிசு பெண்ணியத் தத்துவவாதி ஜூடித் பட்லரின் ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்தது. தொண்ணூறு சொற்களுக்கும் மேல் நீளும் ஒற்றை வாக்கியம். 1999 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் அவர் பதில் எழுதினார்: அடிமைமுறைகூட ஒரு காலத்தில் பொதுப்புத்திக்கு இயல்பாகவே தெரிந்தது, பொதுப்புத்தியைக் கேள்வி கேட்க அதன் மொழியையே நம்பியிருக்க முடியாது என்பது அதன் சாரம். அதற்குக் கொஞ்சம் முன்பு, பெப்ரவரியில், மார்த்தா நுஸ்பாம் இந்த நடை வாசகரை மிரட்டுகிறது, வாதத்தை வைக்காமல் நழுவுகிறது என்று கடுமையாக எழுதியிருந்தார். பட்லரின் கொள்கையில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் 1949இல் சிமோன் த பூவார் "யாரும் பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார்" என்று எழுதினார். அதில் ஒரு கடினமான சொல்கூட இல்லை. அது பொதுப்புத்தியை உலுக்கியதுபோல அந்தத் தொண்ணூறு சொல் வாக்கியம் உலுக்கவில்லை. பட்லரே நின்று வளர்ந்த மண் அந்தச் சிறு வரிதான்.

தெரிதாவைப் பற்றிப் பேசும்போது மக்கள் உடனே கட்சி பிரிந்துவிடுகிறார்கள். 1992இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க நினைத்தபோது வாக்கெடுப்பே நடந்தது. 336 பேர் ஆதரவு, 204 பேர் எதிர்ப்பு. தெளிவுக்கும் கறார்த்தன்மைக்குமான அளவுகோல்களை அவர் எழுத்து எட்டவில்லை என்று குவைன் உள்பட பத்தொன்பது பேர் லண்டன் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அவரை எவ்வளவு பொறுமையாகப் படித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவருடைய முக்கியமான எண்ணங்களில் பலவற்றுக்குத் திட்டமான வடிவம் இருக்கிறது. பிரெஞ்சில் 'வேறுபாடு' என்ற சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினார். காதால் கேட்டால் இரண்டும் ஒன்று. கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம். 1968 ஜனவரியில் பாரிஸில் அவர் இதைப் பற்றிச் சொற்பொழிவாகவே பேசினார். கேட்பவர்கள் காதில் விழாத ஒரு வித்தியாசத்தைப் பற்றி!

தமிழில் 'முன்னாள்' என்றும் 'முந்நாள்' என்றும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்று கடந்துபோன நாள், மற்றது மூன்று நாள். நம்மில் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒரே ஒலி. எழுத்துதான் பிரித்துக் காட்டுகிறது. பேச்சுதான் உயிர், எழுத்து அதன் நிழல் என்று பிளேட்டோ காலத்திலிருந்து சொல்லிவந்ததில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று காட்ட இந்த ஓர் எழுத்து போதும். பிரெஞ்சு வினைச்சொல்லுக்கு 'வேறுபடு' என்றும் 'தள்ளிப்போடு' என்றும் இரண்டு பொருள் இருப்பதையும் அவர் அதில் கோத்தார். இதைப் புரிந்துகொள்ளலாம், மறுக்கலாம், விவாதிக்கலாம்.

ஆனால் 1967இல் 'எழுத்தியல் பற்றி' நூலில் 'பனுவலுக்கு வெளி இல்லை' என்று ஒரு வரி எழுதினார். உலகத்தில் புத்தகங்கள் மட்டும்தான் உண்டு என்று அவர் சொல்வதாகப் பாதி உலகம் எடுத்துக்கொண்டது. சூழலுக்கு வெளியே எதுவும் இல்லை என்பதுதான் பொருள் என்று 1988இல் அவர் விளக்கினார். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு வரி தவறாகவே படிக்கப்படுகிறது என்றால் அதில் எழுதியவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சியர்லோடு 1977இல் தொடங்கிய சண்டையிலும் அவர் வாதத்துக்குப் பதிலாக வித்தை காட்டும் பக்கங்கள் நிறைய. சியர்ல் பின்னாளில் ஒன்றை எழுதினார்: தெரிதாவின் நடையை ஃபூக்கோ தன்னிடம் 'பயங்கரவாதத் தெளிவின்மை' என்று வர்ணித்தாராம், என்ன சொல்கிறார் என்று தெரியாதபடி எழுதுவது தெளிவின்மை, யாராவது விமர்சித்தால் உனக்குப் புரியவில்லை என்பது பயங்கரவாதம். இது சியர்லின் வாய்வழி நமக்குக் கிடைப்பது, அதனால் ஃபூக்கோவின் வார்த்தையாக நான் இதை எடுத்துக்கொள்வதில்லை. யார் சொல்லியிருந்தாலும் அது வர்ணிக்கும் நோய் உண்மையானது.

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானின் கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாக: மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை ஆண்குறியோடு சமப்படுத்தும் பக்கத்தை 1997இல் இயற்பியலாளர்கள் சோகலும் பிரிக்மோன்ட்டும் எடுத்துக் காட்டினார்கள். அதைக் காப்பாற்ற என்னால் முடியாது. கணிதம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் யாரும் குறைசொல்லாததற்குக் காரணம், தவறு செய்தால் ஒரு மாணவர்கூட எழுந்து காட்ட முடியும் என்பது. லக்கான் கணிதத்தின் முகத்தை எடுத்துக்கொண்டு அந்த வசதியை விட்டுவிட்டார்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். பிரான்சில் பள்ளியின் கடைசி வருடத்திலேயே தத்துவம் பாடம். தேர்வில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். 1933 முதல் 1939 வரை கோஜேவ் பாரிஸில் ஹெகலைப் பாடம் நடத்தினார். லக்கான் அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர். தெரிதா எழுதும்போது எதிரே இருந்தவர்கள் காண்ட்டையும் ஹெகலையும் கரைத்துக் குடித்தவர்கள். அரைச் சொல்லில் குறிப்புக் காட்டினால் போதும். நாம் பாதியில் உள்ளே நுழைந்து, குடும்பத்தார் பேசிக்கொள்ளும் பேச்சைக் கேட்கிறோம். அது அவர்கள் குற்றம் இல்லை.

தமிழிலும் நாம் அப்படித்தான் பாதியில் நுழைந்தோம். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தது. தொண்ணூறுகளில் நிறப்பிரிகை போன்ற சிற்றிதழ்கள் பின்நவீனத்துவத்தை விவாதத்துக்குக் கொண்டுவந்தன. பிரெஞ்சில் அன்றாடச் சொல்லைத் திருகி உண்டாக்கிய கடினம், ஆங்கிலத்தில் லத்தீன் வாடையோடு கலைச்சொல்லாகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. 'சொல்லாடல்', 'பெருங்கதையாடல்' போன்றவை நன்றாக வேர்பிடித்தன; இன்று அவை இல்லாமல் எழுத முடியாது. தெரிதாவின் வாசிப்பு முறைக்குத் தமிழில் வைத்த 'கட்டுடைத்தல்' என்ற பெயர் ஒரு சேதத்தையும் செய்தது. தெரிதா எதையும் சுத்தியலால் உடைக்கவில்லை. முடிச்சு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதை அவிழ்த்துப் பார்த்தார். 'கட்டவிழ்ப்பு' என்று சொல்பவர்கள் அவருக்கு நெருக்கமாக இருக்கிறார்கள்.

கடைசியாக, வாசகரின் பங்கு. ஜி. ஏ. கோஹன் இளம் வயதில் பிரெஞ்சு மார்க்சியரான அல்தூசரின் ஆட்களை மெனக்கெட்டுப் படித்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாடு பட்டு ஒரு சின்ன அர்த்தத்தைக் கண்டுபிடித்தால், பட்ட பாட்டுக்கு ஈடாக அதைப் பெரிதாக மதிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்கிறார். எனக்கும் இது நடந்தது. இருபத்திரண்டு வயதில் லக்கானின் ஒரு கட்டுரையோடு ஒரு கோடை முழுக்கப் போராடினேன். முடிவில் கைக்குக் கிடைத்தது 'நம் ஆசை அடுத்தவரின் ஆசையைப் பார்த்து உருவாகிறது' என்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு கோடை செலவான காரணத்தால் அடுத்த மூன்று வருடம் அதை நான் எதிர்ப்பில்லாமல் எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தேன். ஒருவர் கொஞ்சம் விலகி நின்று "எல்லா ஆசையுமா? பசிக்குமா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. டான் ஸ்பெர்பர் 2010இல் 'குரு விளைவு' என்று பெயர் வைத்து எழுதியது இதன் இன்னொரு முகம்: புரியவில்லை, சொன்னவர் பெரியவர், ஆகவே ஆழமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுவது. கோஹன் ஒரு சோதனையும் சொல்கிறார். சந்தேகமான வரியில் ஒரு 'இல்லை'யைச் சேர்த்து எதிர்மறை ஆக்குங்கள். அதுவும் அதே அளவுக்கு ஆழமாக ஒலித்தால் அந்த வரியில் சரக்கு இல்லை.

நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது 'விளங்க வைத்தல்' என்பதையும் 'ஆழமுடைத்தாதல்' என்பதையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' இருக்கிறது, 'வெற்றெனத் தொடுத்தல்' இருக்கிறது. கடினமாகச் சொல்லல் என்று ஒரு குற்றம் அதில் இல்லை. இந்தச் சண்டைக்கு இதைவிட நல்ல சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை. அரிவாள்மனையைக் காட்டும் ஹைடெக்கரிடம் ஆழம். எதற்கு என்று சொல்லாமல் உறுதிகொள்ளச் சொல்லும் ஹைடெக்கரிடம் மயக்கம்.

நீங்கள் திரும்பப் படிக்கப்போகிறீர்கள் என்றால் ஹெகலில் தொடங்காதீர்கள். 'இருப்பும் காலமும்' நூலின் பதினைந்து, பதினாறாம் பிரிவுகளை மட்டும் எடுங்கள். இருபது பக்கம்கூட வராது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் அவருடைய வரி, வலப்பக்கம் உங்கள் சொந்தத் தமிழ். ஒவ்வொரு வரிக்குக் கீழும் அதை மறுப்பவர் என்ன சொல்வார் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று தடவை உட்கார்ந்தும் மறுப்பு வரி எழுத வராத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். கோடு போட்ட இடங்களோடு வந்தால், அவற்றில் எது அவர் குறை, எது மொழிபெயர்ப்பின் குறை என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.